இரண்டு மில்லிமீட்டர் காக்கை

படத்தில் ஓடைக்காட்டூர் மட்டும் சிவந்துபோய் இருந்தது. சுற்றி இருக்கிற ஊரெல்லாம் பச்சையும் மஞ்சளுமாக அடக்க ஒடுக்கமாக இருக்க, நடுவில் இது ஒன்று மட்டும் மூட்டைப்பூச்சி கடித்துத் தடித்த இடம் மாதிரி. மூன்றாவது வரிசை ஓரத்து நாற்காலியில் இருந்த வைரக்கண்ணு அந்தச் சிவப்பைப் பார்த்தார். பார்க்க முடியாமல் கூரையைப் பார்த்தார். கூரையில் ஒன்றும் இல்லை என்பதால் மறுபடியும் படத்தைப் பார்த்தார். அது அங்கேயேதான் இருந்தது, எங்கே போகும். மேடையில் நின்ற நிலோபர் மேடம் சென்னையிலிருந்து வந்தவர், இரண்டு வருஷமாக இந்த ஜில்லாவையே கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வெட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறவர், சின்ன வயசு, பெரிய கண்ணாடி. "நிலமும் பயிரும் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணியை வானத்துக்கு விடுதுங்கறதுதான் இந்த வரைபடம். சிவப்புன்னா நிறைய விடுது, பச்சைன்னா கொஞ்சமா விடுது" என்று சொன்னார். சொல்லிவிட்டு, "மேலேருந்து சேட்டிலைட் பாக்குது. ஆனா அது பாக்கறது சரிதானான்னு கீழேருந்து ஒருத்தர் சொல்லணுமில்லையா? அந்த ஒருத்தர்தான் ஓடைக்காட்டூர் பண்ணையோட வைரக்கண்ணு சார். இருபத்திரண்டு வருஷம், ஒரு நாள் விடாம தண்ணி அளந்திருக்கார்" என்றார். அரங்கம் கை தட்டியது. வைரக்கண்ணு எழுந்து கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் தலையைக் குனிந்துகொண்டார். அடக்கத்தில் குனிகிறார் என்று பக்கத்திலிருந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள், பாவம்.

குளிர்சாதனம் ஓடுகிறது, ஆனால் வழுக்கையில் வேர்க்கிறது. வேர்த்தது உடனே காய்கிறது, காய்ந்ததும் மறுபடி வேர்க்கிறது. இந்தத் தலை ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் விடும்? அவரை விட்டால் இப்படித்தான், எதைப் பார்த்தாலும் எவ்வளவு காயும் என்றுதான் மனசு போகும். மேஜை மேல் பேப்பர் கப்பில் காப்பி, ஆடை கட்டிவிட்டது, அதனால் ஆவி குறையும். மேடை ஓரத்தில் நாலு தொட்டிச் செடி, பளபளவென்று, பிளாஸ்டிக். அதுகளுக்கு நஷ்டம் பூஜ்யம், கொடுத்து வைத்ததுகள். முன் வரிசையில் பொதுப்பணித் துறை பொறியாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைக்கிறார், அந்த ஈரம் இப்போது யார் கணக்கில் சேரும்? சே, என்ன யோசனை இது. தலைபோகிற விஷயம் எதிரே சிவப்பாக நிற்கிறது, இவர் கைக்குட்டையை அளந்துகொண்டிருக்கிறார். சொல்லிவிடலாம். எழுந்து நின்று சொல்லிவிடலாம். என்னவென்று சொல்வது? மேடம், அந்தச் சிவப்பு வெயில் இல்லை, காக்கா. சிரிக்க மாட்டார்களா? சிரித்தால் பரவாயில்லை. சிரிக்காவிட்டால்தான் வினை.

அவர் வேலை என்னவென்று கேட்டால் சொந்தக்காரர்களுக்கு இன்றைக்கும் புரியாது. கம்பிவேலி போட்ட ஒரு செண்ட் இடம், நடுவில் மரச்சட்டத்தின் மேல் ஒரு வட்டத் தொட்டி, உயரம் முழங்காலுக்குக் கீழே, அகலம் ஒரு குழந்தை கையை விரித்துப் படுக்கலாம். அதில் தண்ணீர். தண்ணீருக்குள் ஒரு முள். காலையில் எட்டரை மணிக்கு அளவுக் குவளையால் தண்ணீர் விட்டு, முள்ளின் நுனி தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் நிற்கிற வரைக்கும் விட்டு, எவ்வளவு விட்டோமோ அவ்வளவுதான் நேற்றிலிருந்து இன்றைக்குள் வானம் குடித்தது என்று எழுத வேண்டும். அவ்வளவுதான் உத்தியோகம். "தண்ணி ஊத்தறதுக்கா சர்க்கார் சம்பளம்?" என்று மச்சினன் கேட்டான், இந்த வேலைக்கு வந்த புதிதில். இன்றைக்கும் பொங்கலுக்குப் பொங்கல் கேட்கிறான். ஆனால் அவருக்கு அது விளையாட்டில்லை. மகள் கல்யாணத்தன்று முகூர்த்தம் ஒன்பதுக்கு, மாப்பிள்ளை அழைப்பு நடக்கிறது, பெண்ணைப் பெற்றவரைக் காணோம். பார்த்தால் பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டிக்கு முன்னால் குந்திக்கொண்டிருக்கிறார். சம்பந்தி வீட்டில் இன்றைக்கும் அந்தப் பேச்சு உண்டு. அப்படிப்பட்ட மனுசன். அந்த மனுசனுடைய தொட்டியில்தான் மூன்று மாதமாகக் காக்காய் குளிக்கிறது.

எல்லாம் அந்த வலையால் வந்தது. தொட்டிக்கு மேலே கம்பிவலை ஒன்று மூடியிருக்கும், காக்கை குருவி, நாய் நரி வாய் வைக்காமல் இருப்பதற்கு. அதில் ஒரு மூலை பிய்ந்துவிட்டது. மார்ச் இருபத்தாறு, நன்றாக ஞாபகம் இருக்கிறது, பிய்ந்ததைக் கட்டலாம் என்று குவார்ட்டர்சுக்குக் கொண்டுபோனார், குவார்ட்டர்ஸ் பண்ணைக்குள்ளேயேதான், கூப்பிடுகிற தூரம். கட்டியும் விட்டார். கட்டி மொட்டை மாடியில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். கை கழுவிவிட்டு வருவதற்குள் மனைவி தனபாக்கியம் நாலு செங்கல்லை வைத்து அதன் மேல் வலையைப் போட்டு அதன் மேல் பழைய வேட்டியை விரித்துக் கூழ்வற்றல் ஊற்றிவிட்டாள். "ஏங்க, இது எம்புட்டு நல்லா இருக்கு பாத்தீங்களா, கீழேயும் காத்து போவுது, மேலேயும் வெயிலு படுது, ஒரே நாள்ல காஞ்சிரும்" என்றாள். சர்க்கார் சொத்து தனம், என்றார். "சர்க்காரு என்ன வத்தலா போடுது? இந்த ஈடு காயட்டும், எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாள். அந்த ஈடு காய்ந்தது. அடுத்தது கத்தரி வற்றல். அப்புறம் சுண்டைக்காய். மாசத்துக்கு ஒரு தடவை கேட்டுப் பார்த்தார். விரலால் ஒன்றை எடுத்து ஒடித்துப் பார்ப்பாள், காதுக்குப் பக்கத்தில் வைத்து ஒடிப்பாள், "இன்னும் ரெண்டு வெயில் வேணும்" என்பாள். அதற்கு அப்பீல் கிடையாது. இருபத்திரண்டு வருஷம் முள்ளும் குவளையும் வைத்து அளந்தவர் அந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வார், ஏனென்றால் அவள் சொன்னால் ரெண்டு வெயில்தான், மூன்றாவது வெயில் தேவைப்பட்டதே இல்லை.

சரி, வலை இல்லாமல் ஒரு வாரம் இருந்தால் என்ன, குடி முழுகியா போய்விடும் என்றுதான் நினைத்தார். ஒன்றும் முழுகவில்லைதான், காக்கைதான் முழுகியது. முதல் நாள் ஒன்று வந்து விளிம்பில் உட்கார்ந்து அவரைப் பார்த்தது. விரட்டினார். மறுநாள் ஐந்து. அதற்கடுத்த வாரம் பதினொன்று. இவ்வளவு தாகம் இதுகளுக்கு எங்கிருந்து வந்தது, பக்கத்திலேயே வாய்க்கால் இருக்கிறதே என்று ஒருநாள் காக்கை வருகிற திசையைப் பார்த்தார். பார்த்தால் அவர் வீட்டு மொட்டை மாடியிலிருந்து வருகிறது. தனபாக்கியம் கறுப்புக் குடையை விரித்து வைத்திருக்கிறாள், மிளகாயைக் கயிற்றில் கோத்துக் கட்டியிருக்கிறாள், எதற்கும் மசியாமல் காக்கை உப்புப் போட்ட வற்றலைத் தின்றுவிட்டு, நேராக, பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவ வருகிறவர்கள் மாதிரி, தொட்டிக்கு வருகிறது. உப்பைத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தானே ஆகணும். அன்றைக்கு வராந்தாவில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தார் வைரக்கண்ணு. சிரித்துவிட்டு உள்ளே போய் ரிஜிஸ்டரைத் திறந்தால் முந்தின வருஷம் அதே நாளில் எட்டு புள்ளி ஆறு, இன்றைக்குப் பத்து புள்ளி ஒன்பது. சிரிப்பு நின்றது. என்ன எழுதுவது? தொட்டியில் குறைந்தது பத்து புள்ளி ஒன்பது. குறைந்ததைத்தானே எழுதச் சொல்லியிருக்கிறார்கள், யார் குடித்தார்கள் என்று எழுத ரிஜிஸ்டரில் கட்டம் இல்லையே. பொய் எழுதவில்லை. ஒரு எழுத்து பொய் எழுதவில்லை. இதைத் தனக்குத்தானே எத்தனை தடவை சொல்லிக்கொண்டாரோ, சொல்லச் சொல்ல அது பொய் மாதிரியே கேட்டது.

"அண்ணே, பிஸ்கட்டு" என்று பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு கை வந்தது. சகாயராஜ். புதுக்கோரையில் இதே மாதிரி இன்னொரு தொட்டிக்குப் பொறுப்பு, வாய்க்காலின் கடைமடை அது, தண்ணீர் போய்ச் சேருகிற கடைசி ஊர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் முள்ளை எப்படிப் பார்ப்பது, கண்ணை எந்த உயரத்தில் வைப்பது என்று வைரக்கண்ணுவிடம் வந்து கேட்டுக்கொண்டு போனவன். வேண்டாம் தம்பி, என்றார். "எடுத்துக்கங்கண்ணே, முகமே சரியில்ல, காலையில சாப்பிடலையா?" வாங்கி வாயில் போட்டார். வாய் காய்ந்து கிடந்ததால் பிஸ்கட் மாவாகி மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. நாக்கால் நெம்பிக்கொண்டே மேடையைப் பார்த்தார். நிலோபர் மேடம் உட்கார்ந்துவிட்டார், பொறியாளர் எழுந்து மைக்கைத் தட்டுகிறார். "ஆக, இந்த வரைபடத்தை வச்சுதான் இந்தப் போகத்துக்கு வாய்க்கால் முறையை வகுத்திருக்கோம். எங்கே அதிகமா தண்ணி போகுதோ அங்கே அதிகமா விடணும், நியாயம்தானே. ஓடைக்காட்டூர் மதகுக்கு நாலு நாள் கூடுது. அந்த நாலு நாளைப் புதுக்கோரையில குறைக்கறோம்." பிஸ்கட் அப்படியே நின்றது.

நாலு நாள். சகாயராஜ் கணக்குப் போடுவது தெரிந்தது, விரலை மடக்குகிறான். அவனுக்கே அங்கே ரெண்டு ஏக்கர் மக்காச்சோளம். "கருது பால் பிடிக்கற நேரம்ணே அது" என்றான் மெதுவாக. அப்புறம் மடக்கிய விரலை விரித்து, "சரி, என்ன பண்றது. வேற எவன் ஊரு இப்படிச் செவந்திருந்தாலும் நான் எந்திரிச்சுச் சண்டை போட்டிருப்பேன். நீங்க அளந்ததுண்ணே. நீங்க அளந்தா அது அளவு" என்றான். அட பாவி, இதைச் சொல்லாமல் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாமே என்று வைரக்கண்ணுவுக்கு இருந்தது. வெட்கம் என்றால் சாதாரண வெட்கமில்லை, காது மடல் வரைக்கும் சுட்டது. காக்காய் குடித்தது ஒரு நாளைக்கு ரெண்டு மில்லிமீட்டர், சிந்தியது, குளித்தது எல்லாம் சேர்த்து. ரெண்டு மில்லிமீட்டர் என்றால் என்ன, தொட்டியில் ரெண்டரை லிட்டர்கூட இல்லை, ஒரு சின்னக் குடம். அந்த ஒரு குடத்தைக் கம்ப்யூட்டர் வாங்கி, ஜில்லா முழுக்க இழுத்து விரித்து, கடைமடைக்காரன் வாயிலிருந்து நாலு நாளைப் பிடுங்கி, அவர் ஊருக்குக் கொடுத்துவிட்டது. தனம் வற்றல் போட்டாள். அதுதான் ஆரம்பம். சர்க்கார் விசாரணை வைத்தால் முதல் சாட்சி யார், தனம். அவள் வந்து கூண்டில் நின்று, வெயில் எத்தனை வேணும் என்று நீதிபதிக்கே சொல்லுவாள். இல்லை, சிரிக்கக் கூடாது. தனியாக மேடத்திடம் சொல்லலாமே. கூட்டம் முடிந்ததும், வராந்தாவில், மேடம் ஒரு நிமிஷம் என்று. அதுதான் நாகரிகம். ஆனால் கூட்டம் முடிந்தால் பொறியாளர் கையெழுத்துப் போட்டுவிடுவார், போட்ட கையெழுத்தை அழிப்பதற்கு இன்னொரு கூட்டம், அதற்குள் மக்காச்சோளம் சருகாகிவிடும். போனில் சொல்லலாமா? கடிதாசி? பெயர் போடாமல் ஒரு மொட்டைக் கடிதாசி, 'ஓடைக்காட்டூர் தொட்டியில் காக்காய் குளிக்கிறது, ஆவன செய்க.' கையெழுத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும், இருபத்திரண்டு வருஷ ரிஜிஸ்டர் அவர்களிடம்தானே இருக்கிறது. ஓய்வு பெற இன்னும் பதினாலு மாசம். பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. சேட்டிலைட்டுக்குத் தெரியாதா? அத்தனை உயரத்திலிருந்து பார்க்கிறது, மாடி தெரியும், வலை தெரியும், கறுப்புக் குடைகூடத் தெரியுமோ என்னவோ. நல்லவேளையாக அது வாய் திறக்காது. வாய் திறக்க வேண்டிய ஆள் வாயில் பிஸ்கட் ஒட்டிக்கிடக்கிறது.

"வைரக்கண்ணு சார் மேடைக்கு வரணும்" என்றார்கள். எதற்கு என்று விளங்குவதற்குள் சகாயராஜ் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டான், "போங்கண்ணே, பொன்னாடை." படியில் ஏறினார், மூன்று படி, மூன்றாவதில் செருப்பு தடுக்கியது. பொறியாளர் பச்சை ஜரிகை போட்ட சால்வையைப் போர்த்தினார். கொதிக்கிற உடம்பில் சால்வை வேறு. காற்றுப் புகாத துணி, இதற்குள் வேர்ப்பது காயாது, தேங்கத்தான் செய்யும் என்று மனசு அந்த நேரத்திலும் ஒரு குறிப்பு எழுதிக்கொண்டது. போட்டோ எடுத்தார்கள். நிலோபர் மேடம் கையில் மைக்கைக் கொடுத்து, "ரெண்டு வார்த்தை சொல்லுங்க சார். உங்க அளவை நம்பித்தான் என் படம் நிக்குது" என்றார். நிற்கிறதாம். வைரக்கண்ணு மேஜை மேல் இருந்த தண்ணீர் கிளாசைப் பார்த்தார். அது பொறியாளருடையது. எடுத்து மடமடவென்று அத்தனையும் குடித்தார். பிஸ்கட் போயிற்று. கிளாசை வைத்துவிட்டு அரங்கத்தைப் பார்த்தார், மூன்றாவது வரிசையில் சகாயராஜ் மட்டும்தான் கண்ணில் பட்டான், எல்லோருக்கும் முன்னால் கை தட்டத் தயாராக இரண்டு கையையும் தூக்கி வைத்திருந்தான்.

"அந்தச் செவப்பு வெயில் இல்லீங்க" என்றார். மைக்கில் தன் குரல் தனக்கே பெரிதாகக் கேட்டது. "காக்கா. தொட்டிக்கு மேல போடற வலை எங்க வீட்டு மொட்டை மாடியில இருக்கு. மார்ச் இருபத்தாறுலேருந்து. எங்க வீட்டுல அதுல வத்தல் காயவெச்சாங்க. வத்தலைத் தின்னுட்டு காக்கா வந்து தொட்டியில குடிக்குது, குளிக்குது. எங்க ஊரு ஒண்ணும் அத்தனை தண்ணி விடலீங்க. புதுக்கோரைக்கு நாலு நாளைக் குறைக்காதீங்க. தப்பு என்னுது." சொல்லி முடித்தார். சகாயராஜின் கை இரண்டும் தூக்கியபடியே இருந்தன, தட்டுவதா இறக்குவதா என்று அவனுக்கே தெரியவில்லை. பொறியாளர் காலி கிளாசைப் பார்த்தார். சால்வையைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமோ என்று வைரக்கண்ணு ஒரு முனையை இறக்கினார். அப்போது நிலோபர் மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கோபமா வேறெதுவுமா என்று பிடிபடாத குரலில், "ஒரு நாளைக்கு எத்தனை காக்கா வந்திருக்கும்? தோராயமா?" என்று கேட்டார்.

தோராயமா என்ற சொல் வைரக்கண்ணுவைக் கொஞ்சம் சுட்டது. அந்த நிலைமையிலும் சுட்டது பாருங்கள். சால்வைக்குள் கையை விட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டைரியை எடுத்தார். பார்த்ததை எழுதாமல் இருக்க அவருக்கு வராது, ரிஜிஸ்டரில் கட்டம் இல்லாததால் இதில் எழுதியிருந்தார். "மார்ச் இருபத்தேழு, காலையில ஒண்ணு, விரட்டிட்டேன். இருபத்தெட்டு, அஞ்சு. அதுல மூணு குடிச்சுது, ரெண்டு குளிச்சுது. குளிச்சா கூட சிந்தும்ங்க, அதைத் தனியாப் போட்டிருக்கேன். ஏப்ரல் ரெண்டு, பதினொண்ணு. அன்னிக்கு ஒரு கீரிப்பிள்ளையும் வந்துச்சு. ஏப்ரல் ஒம்பதுல பக்கத்துல இன்னொரு பேசின்ல தண்ணி வெச்சு பழைய சல்லடையைப் போட்டு மூடி, அது எவ்வளவு குறையுது, இது எவ்வளவு குறையுதுன்னு தெனமும் பாத்தேன்..." எண்பத்திரண்டு நாளும் இருந்தது. மைக்கில் ஒவ்வொரு நாளாகப் படித்துக்கொண்டே போனார். ஏப்ரல் பாதிக்கு வரும்போது யாரோ சிரித்தார்கள், மே மாசம் பிறந்ததும் அரங்கமே சிரித்தது, நிலோபர் மேடம் மட்டும் சிரிக்கவில்லை, மேஜையில் குனிந்து பென்சிலால் எழுதிக்கொண்டே போனார். கடைசியில் நிமிர்ந்து, "ஓடைக்காட்டூர் பச்சைதான் சார். அந்த நாலு நாள் புதுக்கோரைக்கே" என்று பொறியாளரிடம் சொன்னார். சகாயராஜ் அப்போதுதான் கையை இறக்கினான். இறக்கிய கையால் கண்ணைத் துடைத்தான். அவன் சிரித்ததில் வந்த தண்ணீரா வேறு தண்ணீரா என்று வைரக்கண்ணுவுக்கு மேடையிலிருந்து தெரியவில்லை, ஆனால் அவருக்கும் கொஞ்சம் வந்தது, துடைக்காமல் தானே காயட்டும் என்று விட்டுவிட்டார்.

நிலோபர் மேடம் டைரியை வாங்கித் தன் பைக்குள் பத்திரமாக வைத்தார். வைத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஆனா சார், வலை நாளைக்குக் காலையில எட்டரைக்குள்ள தொட்டி மேல இருக்கணும்" என்றார்.

வைரக்கண்ணு சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். இருபத்திரண்டு வருஷப் பெயரை ஒரு நிமிஷத்தில் கொட்டிக் கவிழ்த்தபோதுகூட இப்படிப் பயந்தவரில்லை. மைக் இன்னும் கையில்தான் இருந்தது.

"நாளான்னிக்கு வைக்கலாமுங்களா மேடம்? இப்ப கிடக்கறது மோர்மிளகாய். இன்னும் ரெண்டு வெயில் வேணும்னு வீட்டுல சொல்லியிருக்காங்க."